நாலாம் குடிலின் பதினேழாம் நம்பர்

மத்தியானம் ஒன்று நாற்பது. குடியிருப்பிலிருந்து பசுமைக்குடில்களுக்குப் போகிற ஒற்றைத் தார்ச்சாலை... ஒதுங்க ஒரு மரம் கிடையாது. தார் இளகிப்போய் ஒவ்வோர் அடிக்கும் செருப்பைப் பிடித்து இழுத்து விட்டது. ப்ச்... ப்ச்... அதைத் தவிர ஒரு சத்தமில்லை. அந்த வெயிலில் ஒரு பொம்பளை தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தாள்.

ராத்திரியில்தான் பேய் வருமென்று யார் சொன்னது? ராத்திரிப் பேய் சொகுசுப் பேய். பகலெல்லாம் தூங்கிவிட்டு எழுந்து வருவது. வேலை செய்தே செத்தவனுக்கு அந்தக் கொடுப்பினை ஏது? அவன் ஷிப்ட் நேரத்துக்குத்தான் வருவான்... கதவோரம் இருக்கிறவன் கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்காரட்டும். விளக்கு இருக்கிறபடி இருக்கட்டும்.

ஓடினவள், இதோ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே நம் வெல்டர், அவனுக்குச் சொந்த அத்தை. அப்பாவின் கூடப் பிறந்தவள். பொய்யென்று தோன்றுகிறவர்கள் கதையை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தால் போதும்.

அத்தைக்கு ஐம்பது நெருங்குகிறது. கையில் கம்பெனி கொடுத்த போன். அது கத்திக்கொண்டே இருந்தது. டொய்ங்... டொய்ங்... திரையில் சிவப்பு எழுத்து: 'நாலாம் குடில். ஆறாம் மேசை. ஈரம் பதினெட்டு.'

குடிலின் தகரக் கதவைத் தள்ளினாள். தண்டவாளத்தில் அது கரகரவென்று உருண்டது. உள்ளேயிருந்து ஒரு சூடு வந்து முகத்தில் அப்பியது. காய்ந்த பிளாஸ்டிக் வாடை, உர வாடை, அதற்கு அடியில் நனைந்த தேங்காய் நார்த்தூள் வாடை. நனைந்த வாடை எப்படி வரும்? ஈரமில்லை என்றுதானே போன் கத்துகிறது?

ஆறாம் மேசைக்குப் போய்ச் சேருவதற்குள் போன் அடங்கிவிட்டது. திரை பச்சையாக மாறியிருந்தது. 'பதில் தரப்பட்டது. ஆள்: பதினேழு. ஒரு நிமிடம் ஐம்பது வினாடி.'

மேசையில் குடமிளகாய் நாற்றுகள். ஒவ்வோர் இலை நுனியிலும் ஒரு சொட்டு நின்றது. தொட்டியெல்லாம் நனைந்து கருத்திருந்தது. சுற்றிலும் ஆளில்லை.

பதினேழாம் நம்பர் செத்து அன்றோடு இருபத்திரண்டு நாள்.

இந்த எழவெடுத்த போன் எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும். ஒருநாள் மூன்று பேர் வந்தார்கள். கழுத்தில் அட்டை, காலில் வெள்ளை ஷூ. ஷூவில் மண் பட்டுவிடுமென்று பலகை போட்டு நடந்தார்கள். வேலையாட்களையெல்லாம் உட்காரவைத்து சுவரில் படம் காட்டினார்கள். "இனிமே செடி உங்ககிட்டப் பேசும்" என்றான் ஒருவன். "தாகமா இருந்தா அதுவே சொல்லும். செடியோட குரல்தான் எங்க சாஃப்ட்வேர்."

"நாங்க பேசினா யாராச்சும் கேப்பாங்களா தம்பி?" என்று கேட்டாள் அத்தை.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மூன்று பேரும்தான் அதிக நேரம் சிரித்தார்கள். விளங்கவில்லை, பாவம்.

மேசைக்கு மேசை ஒரு முள்ளைக் குத்தி வைத்தார்கள். முள்கரண்டி மாதிரி இருக்கும், பின்னால் ஒயர். தொட்டியில் ஈரம் இருபதுக்குக் கீழே இறங்கினால் போன் கத்தும். ஒரு மேசைக்கு இரண்டு ஆள். இரண்டு பேருக்கும் சேர்ந்தே கத்தும். முதலில் போய்ப் போனில் பொத்தானை அழுத்துகிறவனுக்குப் பச்சைப் புள்ளி, பிந்தினவனுக்குச் சிவப்பு. மாதத்தில் பத்துச் சிவப்பு சேர்ந்தால் வேலை போச்சு, இரண்டு நாளில் குடியிருப்பு அறையையும் காலி செய்ய வேண்டும். போட்டி இருந்தால்தான் மனிதன் உழைப்பானாம். வாழ்நாளில் ஒரு மூட்டை தூக்காதவனுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

ஆனால் உழைக்கிறவனுக்கும் மூளை உண்டு. ஒரே வாரத்தில் வழி கண்டுபிடித்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாலாம் குடிலின் பதினொரு பேரும் போனைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிடுவார்கள். முறை வைத்து ஒருத்தன் தண்ணீர்த் தொட்டி நிழலில் அந்த வாளியோடு உட்காருவான். போன் கத்தினால் எடுத்து அழுத்துவான். இந்தத் தடவை இவனுக்குப் பச்சை, அடுத்த தடவை அவனுக்கு. யாருக்கும் மிச்சமில்லை, யாருக்கும் குறையுமில்லை. மற்ற பத்துப் பேரும் இரண்டு மணி நேரம் கண்ணயர்வார்கள். மூன்று மணிக்கு எழுந்துபோய் எல்லாவற்றுக்கும் தண்ணீர் காட்டினால் ஆயிற்று. செடி ஒன்றும் செத்துப்போய்விடவில்லை. செடிக்கு அவ்வளவு அவசரமில்லை, சாஃப்ட்வேருக்குத்தான் அவசரம்.

ஒரே ஒரு தப்புத்தான் செய்தார்கள். கொக்கையும் முறையில் சேர்த்துக்கொண்டார்கள்.

கொக்கு என்பது பட்டப்பெயர். நெட்டை ஆள், கழுத்தை வளைத்து நிற்பான், அதிராமல் பேசுவான். ஆறாம் மேசையில் அத்தைக்கு ஜோடி அவன்தான். அவன் நம்பர்தான் பதினேழு. அவன் முறை வருகிற நாளில் வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே குடிலுக்குள் போய்விடுவான். போன் கத்துகிற மேசைக்கெல்லாம் நிஜமாகவே போய்த் தண்ணீர் விடுவான். அன்றைக்கு மட்டும் மூன்று மணிக்கு யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

"டேய் கூறுகெட்டவனே, பொத்தான அமுக்கினாப் போதும்டா" என்பாள் அத்தை.

"செடி காயுதுல்லக்கா."

"உன் மண்டைதான் காயுது."

அவன் சிரிப்பான். அவ்வளவுதான். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள், நல்லவன் கெட்டால் எங்கே போவான்? குடிலுக்குள்தான்.

அந்த நாள் கோடையின் உச்சம். மின்சாரம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்று ஒரு மணிக்கு விசிறிகளை நிறுத்தச் சொன்னது ஆபீஸ். குடிலுக்குள் நிற்கிறவனுக்கு நெஞ்சு அடைக்கும், அப்படி ஒரு வெக்கை. ஈரம் மளமளவென்று இறங்கியது. எல்லா மேசையும் ஒன்றாகக் கத்தின. வாளி கொக்கின் கையில்.

நாலரை மணிக்குத் தன் போனை வாங்கப் போனவள் அத்தைதான். ஆறாம் மேசைக்கும் ஏழாம் மேசைக்கும் நடுவில் குப்புறக் கிடந்தான். உதட்டில் நார்த்தூள் ஒட்டியிருந்தது. ஹோஸ் திறந்தபடி அவன் வயிற்றுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வாளி. பதினொரு போனும் அமைதியாக, பச்சையாக இருந்தன. 'ஈரம் போதுமானது.'

இரண்டரை மணி நேரம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? ஆபீஸ் திரையில் பதினொரு பேர் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தார்கள். பதினொரு பேர் இருக்கிற இடத்தில் ஒருத்தன் விழுந்தால் பத்துப் பேர் தூக்கமாட்டார்களா?

சூப்பர்வைசருக்குக் குளுகுளு என்று பெயர். ஏசி அறையை விட்டு வெளியே வரமாட்டான், அதனால். அவன் சொன்னான்: "நான் சந்தோஷமால்ல இருந்தேன்? எழுவது அலர்ட்டு, எழுவதுக்கும் பதில். இன்னிக்குத்தான்டா ஒழுங்கா வேலை நடக்குதுன்னு நினைச்சேன்."

கொக்கை அடக்கம் செய்த மறுநாளே மேசைதோறும் ஒரு கறுப்புக் கட்டம் போட்ட காகிதத்தை ஒட்டினார்கள். இனிமேல் அங்கே போய் அந்தக் கட்டத்தைப் போனில் படம் பிடித்தால்தான் பதில் செல்லும். செத்தவனுக்காகச் செய்த ஏற்பாடு அது ஒன்றுதான். இன்னொருத்தன் சாகாமலிருக்க அல்ல, இன்னொருத்தன் ஏமாற்றாமலிருக்க.

கொக்கின் போனை ஆபீஸ் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்கள். சார்ஜ் இறங்கி அது அங்கேயே செத்துக் கிடந்தது. அது அத்தைக்கும் தெரியும்.

அன்று ஆறாம் மேசையிலிருந்து நேரே ஆபீஸுக்குப் போனாள்.

"சார், பதினேழு எப்படி சார் வரும்?"

குளுகுளு திரையைத் திருப்பிக் காட்டினான். "சிஸ்டத்துல ஏதோ கோளாறு."

"அப்ப எனக்கு விழுந்த சிவப்ப அழிச்சிருங்க."

"கோளாறு சிஸ்டத்துல. நேரம் நேரந்தான். அறிக்கை மேலே போயாச்சு." நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "செத்தவனே ரெண்டு நிமிஷத்துல வர்றான். உசுரோட இருக்கற உனக்கு என்ன கேடு?"

நம்பரை எடுத்துவிட வேண்டியதுதானே என்று இங்கே யாரோ முணுமுணுக்கிறீர்கள். அத்தையும் அதைத்தான் கேட்டாள். நம்பரை எடுக்க விலகல் கடிதம் வேண்டுமாம். அதில் சம்பந்தப்பட்ட ஆளே கையெழுத்துப் போட வேண்டுமாம். சாஃப்ட்வேர் அப்படித்தான் கேட்கிறதாம்.

அந்த மாதம் ஆபீஸ் வாசல் போர்டில் முதல் இடம் பதினேழாம் நம்பருக்கு. வாழ்த்துகள் என்று பூப்படம் வேறு.

அத்தைக்குச் சிவப்பு ஏறிக்கொண்டே போனது. நாலு... ஆறு... எட்டு. எவ்வளவு ஓடினாலும் அவன் முந்திக்கொண்டான். முதல் அலர்ட் மத்தியானம் ஒன்று முப்பத்தெட்டு, ஒன்று நாற்பது வாக்கில்தான் வரும். மற்ற நேரத்தில் அவன் வருவதில்லை. அறையில் அவள் புருஷன், அதாவது வெல்டருக்கு மாமா, முதுகெலும்பு நழுவிப் படுத்த படுக்கை. திரும்பிப் படுக்கவே ஆள் வேண்டும். அந்த அறையை விட்டால் அவரைக் கிடத்த வேறு இடமில்லை. ஒன்பதாவது சிவப்பு விழுந்த அன்று அத்தை சோறு பிசைந்த கையோடு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல. செத்தவங்கிட்டத் தோத்துக்கிட்டிருக்கேன்."

மறுநாள் ஒன்று முப்பதுக்கே போய் ஆறாம் மேசையில் நின்றுவிட்டாள். போன் கட்டத்துக்கு நேரே, ஒரு விரற்கடை தூரம். அலர்ட் வந்ததும் அழுத்த வேண்டியதுதான். எவன் முந்துவான்? அதையும் பார்த்துவிடலாம்.

பிளாஸ்டிக் கூரை வெயிலில் பட்... பட்... என்று தெறித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. ஒன்று முப்பத்தைந்து. ஒன்று முப்பத்தேழு...

முதலில் வாடை வந்தது. நனைந்த நார்த்தூள். பிறகு குடிலின் கடைக்கோடியில் ஹோஸ் தரையில் இழுபடுகிற சத்தம். ஸ்ர்ர்... நிற்கும். ஸ்ர்ர்ர்... நிற்கும். அதோடு சேர்ந்து வருகிற ஈரச் செருப்பு. சளக். சளக். நெட்டை ஆளின் நடை, நீள நீளமான அடி. அவள் தலையைத் திருப்பவில்லை. ஓடியிருக்கலாம், ஓடவில்லை. ஓடினால் பத்தாவது சிவப்பு.

பயத்தைவிட ஆத்திரம்தான் முந்தியது அவளுக்கு. "ஏன்டா, உனக்கு அறிவே கிடையாதா?" என்றாள், எதிரே பார்த்தபடியே. "உசுரோட இருந்தப்பவும் இவனுங்களுக்கு உழைச்சே. அதுல செத்தே. உனக்காக அரை நாள் லீவு விட்டானுங்களாடா? ஒரு செடிக்குக் குடுத்த மரியாதைய உனக்குக் குடுத்தானுங்களா? இன்னும் வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

சளக். மிக அருகில் நின்றது. அவள் பிடரியில் சூடில்லை, குளிர்ச்சி. அந்த அடுப்புக்குள் குளிர்ச்சி.

குரல் உடைந்துவிட்டது அவளுக்கு. "அறைய விட்டு வெரட்டிருவானுங்கடா கொக்கு. அவர எங்கடா தூக்கிட்டுப் போவேன்? எனக்குத் தெம்பில்லடா... எனக்கும் சேத்து நீயே அழுத்திரு. வாளியில போட்டோமே, அப்ப செய்வியே, அந்த மாதிரி."

டொய்ங்.

அவள் விரலை அசைக்கவில்லை. வெல்டரிடம் நூறு தடவை சத்தியம் செய்திருக்கிறாள், அசைக்கவே இல்லை. திரை பச்சையாயிற்று. 'பதில் தரப்பட்டது. ஆள்: ஒன்பது.' அது அவளுடைய நம்பர். நேரம்... ஒரு வினாடி.

ஹோஸ் சத்தம் மெல்ல விலகிப் போனது.

அதற்குப் பிறகு அவளுக்குச் சிவப்பே விழவில்லை. முதல் இரண்டு நாள் பயத்தோடு போனாள். மூன்றாம் நாள் சாலையில் பாதி தூரம் போவதற்குள்ளேயே போன் பச்சையாகிவிட்டது. ஆள்: ஒன்பது. திரும்பி வந்துவிட்டாள். நாலாம் நாள் போகவே இல்லை. போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். அது கத்தியது, தானே அடங்கியது. ஒரு பச்சை. சிரிப்பு வந்தது அவளுக்கு. செத்தவனுக்கு இருக்கிற மனசு குளுகுளுவுக்கு இல்லையே என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள். வாளி போன பிறகு முதல் மத்தியானத் தூக்கம்.

ஒரு வாரம் அப்படி. எழுந்தால் மட்டும் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும். தொண்டை வறண்டிருக்கும். வயசாகுது என்று விட்டுவிட்டாள்.

எட்டாம் நாள் சாயங்காலம் மாமா கேட்டார்: "மத்தியானம் மத்தியானம் எங்க போயிட்டு வர்றே?"

"எங்க போனேன்? இங்கதானே படுத்திருந்தேன்."

மாமா கூரையைப் பார்த்தபடி பேசினார். அவரால் கழுத்தை மட்டும்தான் திருப்ப முடியும். "ஒண்ணே முக்காலுக்கு நான் தினமும் திரும்பிப் பாக்கறேன். பாய்ல ஆளில்ல. போன் மட்டும் கெடக்கும். கதவு உள்பக்கம் தாழ் போட்டபடிதான் இருக்கு... கண்ண மூடித் திறந்தா நீ படுத்திருக்கே. மூச்சு வாங்கிக்கிட்டு."

அத்தை அன்று ராத்திரியே மூட்டை கட்டினாள். விடியற்காலையில் ஒரு சரக்கு வண்டிக்காரனைக் கெஞ்சி மாமாவைப் பாயோடு தூக்கி ஏற்றினாள். கம்பெனி போனையும் அறைச் சாவியையும் அறைக்குள்ளேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அண்ணன் வீட்டுக்கு, அதாவது நம் வெல்டரின் வீட்டுக்கு, ஒரு பகல் முழுக்கப் பயணம். எதற்காக அவ்வளவு பாடுபட்டாளோ அந்த அறையைத் தன் கையாலேயே விட்டுவிட்டு வந்தாள். ஒருத்தரும் தேடவில்லை. தேட வேண்டிய அவசியமில்லையே, திரையில் ஆள் இருந்ததே.

இருபத்து மூன்று நாள் கழித்து... ஒரு விடுமுறை நாள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தையின் சொந்த போன் அடித்தது. குளுகுளு. எடுக்கவே பயந்தாள். வெல்டர்தான் வாங்கி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"இந்த மாசம் நீதான் முதல்" என்றான் குளுகுளு. அவன் வாயில் அவ்வளவு இனிப்பை அவள் கேட்டதே இல்லை. "பதினேழையே முந்திட்டியே. போர்டுல மாட்ட ஒரு போட்டோ வேணும். நானே எடுக்கலாம்னு இந்த வெயில்ல நடந்து வந்திருக்கேன், பாத்துக்க."

"சார், நான் வேலைய விட்டு இருபத்து மூணு நாளாச்சு."

"நல்லா விளையாடுறே. இதோ நாலாம் குடிலுக்கு வெளியிலதான் நிக்கறேன். பிளாஸ்டிக்கு வழியா தெரியுதே... உள்ள குனிஞ்சுகிட்டு நிக்கறே. பக்கத்துல ஒரு நெட்டை ஆளு. யாரு அது, புது ஆளா?"

வெல்டர் பக்கத்தில் இருந்த அத்தையைத் திரும்பிப் பார்த்தான்.

"இப்ப நிமிர்றே... ஏன் அப்படிப் பாக்குறே?"

"சார்" என்றாள் அத்தை. "அங்கேருந்து போயிருங்க சார்."

டொய்ங்.

அது அத்தையின் போனில் இல்லை. அந்தப் பக்கத்தில். குளுகுளுவின் கையில்.

"இது என்ன..." அவன் குரல் மாறியிருந்தது. "ஆபீஸ் போனுக்கு அலர்ட்டே வராதே. எனக்கு எதுக்கு வருது?... ஏய்..."

தகரக் கதவு தண்டவாளத்தில் உருண்டது. கரகரகர... பிறகு அவன் பேசவில்லை. இணைப்பும் அறுபடவில்லை. வெல்டர் போனைக் காதோடு வைத்து அழுத்திக் கேட்டான். ஹோஸ் இழுபடுகிற சத்தம். தண்ணீர் விழுகிற சத்தம். ஈரத் தரையில் மூன்று பேர் நடக்கிற சத்தம். ஒன்று நீள நீளமாக அடி வைக்கிற நடை. ஒன்று ஷூக்கால், தடுமாறித் தடுமாறி. மூன்றாவது நடை வெல்டருக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்த நடை. அத்தை அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.